மற்றவை

விபத்துப் படிவத்தில் பதினோராவது கட்டம் வானிலை.
தெளிவு, மழை, பனிமூட்டம், பலத்த காற்று, மற்றவை.
ஒன்றுக்குத்தான் டிக்.
இரண்டு போட்டால் கம்ப்யூட்டர் சிவப்பாகிவிடும்.

வல்லூரிலிருந்து காட்டுப்பள்ளிப் பக்கம் வரை எங்கள் எல்லை.
ஒரு புறம் உப்புத் தண்ணீர், மறுபுறம் சாம்பல் குட்டை,
நடுவே கன்டெய்னர் லாரிகள்
கேட் திறக்கும் என்று ராத்திரியெல்லாம் படுத்துக் கிடக்கும்.
நான் ஸ்டேஷன் ரைட்டர்.
ஒன்பது வருடமாக எழுதுகிறேன்,
இன்னும் ஒரு வரிகூடச் சொந்தமாக இல்லை.

பெருமழையில் எனக்கு வேலை குறைவு,
சொன்னால் நம்பமாட்டீர்கள்.
துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
ஒருத்தரும் அடிபடவில்லை.
பயந்துகொண்டு வீட்டில் இருந்தார்கள்.
நான் நாலு டீ குடித்தேன்.

கொல்வது தூறல்.
ஆடி கடைசியில், சாயங்காலம், பத்தே நிமிடம்.
கோடை முழுக்க ஒழுகிய டீசலும் கிரீஸும் தூசும்
ரோட்டில் தோலாகப் படிந்திருக்க
அதன் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்த மாதிரி.
மண்வாசனை என்று ஜன்னலைத் திறப்பார்கள்.
நான் படிவக் கட்டை எடுத்து மேஜைமேல் வைப்பேன்.

எத்திராஜுலு அப்படி வந்தவன்தான்.
மொபெட்டின் பின்னால் ஐஸ்பெட்டி, அதில் எட்டுக் கிலோ கெளுத்தி.
இடது கால் போயிற்று, ஆள் பிழைத்தான்.
"பிரேக் புடிச்சுதும்மா, ரோடுதான் புடிக்கல" என்றான்.
வாக்குமூலத்தில்
அதை "வாகனம் கட்டுப்பாட்டை இழந்து" என்று மாற்றினேன்.

மார்கழி வேறு.
இங்கே பனி வெள்ளையாக இறங்குவதில்லை,
பலமுறை துவைத்த காக்கி நிறம்.
நிலக்கரி யார்டில் நைட் ஷிப்ட் முடித்து
ஐந்து பத்துக்கு வந்த நசரேனுக்கு
பின்விளக்கில்லாமல் நின்ற டிரெய்லர்
மோதிய பிறகுதான் தெரிந்திருக்கும்.
அல்லது அப்போதும் தெரிந்திருக்காது.
டார்ச் வெளிச்சத்தில் மகஜர் எழுதும்போது
தாளில் ஏதோ விழுந்தது. தேய்த்தேன்.
விரலில் ஒட்டிக்கொண்டது.
பனி ஒட்டாது.

மற்றவை என்று டிக் போட்டு
பக்கத்தில் சாம்பல் என்று எழுதினேன்.
இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
"வானிலைன்னா வானத்துலேர்ந்து வரணும்மா."
"இதுவும் மேலேர்ந்துதான் சார் வுழுது."
சிரித்தார். நல்ல மனிதர்தான்.
அடித்துவிட்டுப் பனிமூட்டம் போட்டேன்.

ஃப்ளோரா இன்சூரன்ஸுக்கு நகல் வாங்க வந்தாள்,
பையனுடைய ஸ்கூல் பையில் காகிதங்களோடு.
நின்றபடியே முழுக்கப் படித்தாள்.
பதினொன்றில் விரல் நின்றது.
"பனின்னா தப்பு யார்து?"
யாருடையதும் இல்லை.
"தெளிவுன்னு போட்டா?"
ஓட்டியவருடையது.
"லைட்டு இல்லாத வண்டி?"
அது இருபத்திரண்டாவது கட்டம்,
விசாரணையில் இருக்கிறது.
அவள் தாளை நாலாக மடித்து,
போதாதென்று எட்டாக மடித்தாள்.
"அப்ப வானம்தான் எங்க ஊட்டுக்காரர அடிச்சுது.
சரி, கையெழுத்து எங்க போடணும்?"

பங்குனியில் டயர் வெடிக்கிறது.
தார் செருப்பைப் பிடித்து இழுக்கும்
அந்த இடத்திலும் நின்று அண்ணாந்து பார்ப்பேன்.
ஒரு கந்தல் மேகம்கூட இருக்காது.
தெளிவு.

நேற்று டூட்டி முடிந்து மணலி புதுநகர் வருவதற்குள்
கண்ணாடியில் நாலு சொட்டு.
இருபதில் உருட்டினேன். பின்னால் ஹாரன்கள்,
யாரோ என் அம்மாவைச் சொல்லித் திட்டினார்கள்.
ஒரு பையன் என்னைத் தாண்டிப் போனான்,
ஹெல்மெட் முழங்கையில் மாட்டியிருக்க,
முகத்தை மேலே தூக்கி,
வாயைத் திறந்து
வருடத்தின் முதல் துளியைக் குடித்துக்கொண்டு.

அவன் நம்பர் பிளேட்டை
மனதில் குறித்துக்கொண்டேன்.
பழக்கம்.